அந்த அறுபது பேர் யார்?

சாவு வீட்டுப் பந்தலில் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்ததும், பக்கத்தில் இருப்பவரிடம் தணிந்த குரலில் கேட்கிறோம்: “என்னவாம்?” பதில் தயாராக இருக்கும். “சுகர் இருந்துச்சு. காலில் புண்ணு ஆறவேயில்லை. நேத்து ராத்திரி நெஞ்சைப் புடிச்சுக்கிட்டு உக்காந்தவர்தான்.” இன்னொரு வீட்டில் கிட்னி. வேறொன்றில் பக்கவாதம். எத்தனையோ சாவுக்குப் போயிருக்கிறேன். “எடை கூடிப் போனதால் போய்விட்டார்” என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அப்படிச் சொல்வது இறந்தவரை ஏசுவது போலாகிவிடும்.

மருத்துவரும் அப்படி எழுதுவதில்லை. மருத்துவமனையில் ஒருவர் இறந்தால் நம் நாட்டில் நான்காம் எண் படிவம் ஒன்றை நிரப்புவார்கள். அதன் முதல் பகுதியில் மூன்று வரிகள். மேல் வரியில் உடனடிக் காரணம். அதற்குக் கீழே அதை வரவழைத்தது. அதற்கும் கீழே எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது. இதயம் செயலிழந்தது என்பது போல் இறந்த விதத்தை எழுதாதீர்கள், நோயை எழுதுங்கள் என்று படிவத்திலேயே அச்சடித்திருக்கும். மாரடைப்பு, அதற்கு முன் ரத்தக்குழாய் அடைப்பு, அதற்கும் முன் சர்க்கரை நோய் என்று படியிறங்கினால் மூன்று வரியும் தீர்ந்துவிடும். சர்க்கரை நோய்க்கும் அடியில் இருபது வருடமாகச் சேர்ந்த தொப்பை இருந்திருக்கலாம். அதற்கு இடம், ‘உடனிருந்த பிற நிலைமைகள்’ என்ற இரண்டாம் பகுதியில். இரவுப் பணியில் இருக்கும் மருத்துவருக்கு நேரமும் மனமும் இருந்தால் எழுதுவார்.

அப்படியிருந்தும் அதிக எடையால் ஆண்டுக்கு இத்தனை லட்சம் பேர் இறக்கிறார்கள் என்று செய்தி வந்துகொண்டேதான் இருக்கிறது. 2015-இல் உலகம் முழுவதும் ஏறத்தாழ 40 லட்சம் இறப்புகளுக்கு அதிக எடை காரணம் என்றது உலக நோய்ச்சுமை ஆய்வு. இதை யாரும் தலை எண்ணிச் சொல்லவில்லை. கணக்குப் போட்டுச் சொன்னார்கள். அந்தக் கணக்கு எப்படி என்று தெரிந்துகொண்டால், எடைக்கும் சாவுக்கும் நடுவே என்னதான் நடக்கிறது என்பதும் பாதி விளங்கிவிடும்.

ஒரு சின்ன ஊரைக் கற்பனை செய்துகொள்வோம். பெரியவர்கள் 10,000 பேர். அவர்களில் 3,000 பேருக்குக் கனத்த உடம்பு. 7,000 பேருக்கு அளவான உடம்பு. பத்து வருடத்தில் அளவான உடம்புக்காரர்களில் நூற்றுக்குப் பத்துப் பேர் இறக்கிறார்கள். ஆக 700 பேர். கனத்த உடம்புக்காரர்களில் நூற்றுக்குப் பன்னிரண்டு. ஆக 360 பேர். இவர்களும் மற்றவர்களைப் போலவே இறந்திருந்தால் 300 பேர்தான் போயிருப்பார்கள். மிச்சம் 60. இந்த அறுபதைத்தான் எடை கொண்டுபோன உயிர்கள் என்கிறார்கள்.

360 பேரில் அந்த அறுபது பேர் யார்? எவராலும் விரல் நீட்ட முடியாது. மேலத்தெரு மளிகைக்கடைக்காரர் 110 கிலோ இருந்தார், மாரடைப்பில் போனார் என்றாலும் அவர் அந்த அறுபதில் ஒருவரா, ஒல்லியாக இருந்திருந்தாலும் போயிருக்கக்கூடிய முந்நூறில் ஒருவரா என்று சொல்ல வழியில்லை. அறுபது என்பது கூட்டத்துக்குத்தான் உண்டு, ஆளுக்கு இல்லை.

இந்தக் கணக்கில் இன்னொரு வம்பு இருக்கிறது. அளவான உடம்புக்காரர்கள் என்று ஒதுக்கிய 7,000 பேருக்குள் காசநோய்க்காரர் இருக்கிறார், நாளுக்கு இரண்டு கட்டு பீடி குடிப்பவர் இருக்கிறார், வயிற்றில் புற்று வந்து இளைத்துக்கொண்டிருப்பவரும் இருக்கிறார். இவர்களால் அந்தப் பக்கத்து இறப்பு நூற்றுக்குப் பதினொன்றாக ஏறிவிட்டால்? அப்போது கனத்தவர்களில் ‘போயிருக்க வேண்டியவர்கள்’ 330. மிச்சம் வெறும் 30. மாறாக, நல்ல ஆரோக்கியமான ஒல்லிகளை மட்டும் பொறுக்கி ஒப்பிட்டு, அவர்களிடம் இறப்பு நூற்றுக்கு ஒன்பதுதான் என்று கண்டால் மிச்சம் 90. கனத்த உடம்புக்காரர்களில் இறந்தது அதே 360 பேர்தான். ஒருவர் கூடவில்லை, ஒருவர் குறையவில்லை. யாரோடு ஒப்பிட்டோம் என்பதில் ஒரு விழுக்காடு அசைந்ததற்கே 30 ஒருபக்கம், 90 மறுபக்கம்.

இந்தச் சின்ன ஊர்க் கணக்குதான் 2004-05-இல் அமெரிக்காவில் தேசிய அளவில் வெடித்தது.

அமெரிக்காவின் நோய்த் தடுப்பு மையம், நாட்டின் சுகாதாரத்துக்கே தலைமைக் கணக்கப்பிள்ளை போன்றது. 2004 மார்ச்சில் அதன் ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மையத்தின் இயக்குநர் ஜூலி கெர்பர்டிங்கின் பெயரும் அதில் இருந்தது. 2000-ஆம் ஆண்டில் புகையிலையால் இறந்தோர் 4,35,000. மோசமான உணவாலும் உடல் உழைப்பின்மையாலும் இறந்தோர் 4,00,000 என்றது கட்டுரை. இந்த நான்கு லட்சம் பெரும்பாலும் எடையை வைத்தே போடப்பட்டது. சீக்கிரமே எடை புகையிலையை முந்திவிடும் என்று பத்திரிகைகள் அலறின. 2005 ஜனவரியில், கணக்கில் பிழை நேர்ந்துவிட்டது, 3,65,000 என்று திருத்தம் வந்தது. அதுவரை பெரிய விஷயமில்லை. கூட்டல் பிழை எவருக்கும் வரும்.

மூன்றே மாதத்தில், அதே மையத்தைச் சேர்ந்த காதரின் ஃபிளெகல் என்ற நோய்ப்பரவல் ஆய்வாளர் இன்னொரு கணக்கைக் கொண்டுவந்தார். பி.எம்.ஐ. என்ற உயர-எடைக் கணக்கில் 30-ஐத் தாண்டிய உடல் பருமனால் அதே 2000-ஆம் ஆண்டில் கூடுதலாக இறந்தோர் 1,11,909 என்றார். அதோடு நிறுத்தவில்லை. 25-க்கும் 30-க்கும் நடுவே இருக்கும் ‘அதிக எடை’க்காரர்களில், அளவான எடைக்காரர்களோடு ஒப்பிட்டால், 86,094 பேர் குறைவாக இறந்திருந்தார்கள். இரண்டையும் கழித்தால் நாடு முழுவதற்கும் நிகரமாக ஏறத்தாழ 26 ஆயிரம். நான்கு லட்சம் எங்கே, 26 ஆயிரம் எங்கே! ஒரே அலுவலகம், ஒரே ஆண்டு.

உணவகத் தொழிலுக்கு வேண்டப்பட்ட ஓர் அமைப்பு இதைச் சாக்காக வைத்து, உடல் பருமன் பயமெல்லாம் ஊதிப் பெருக்கியது என்று முழுப்பக்க விளம்பரம் போட்டது. ஃபிளெகல் சளைக்கவில்லை. 2013-இல் 97 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, கொஞ்சம் அதிக எடை உள்ளவர்களின் இறப்பு ஆறு விழுக்காடு குறைவுதான் என்று மறுபடியும் எழுதினார். ஹார்வர்டு பேராசிரியர் வால்டர் வில்லட் அந்த ஆய்வை வானொலியில் குப்பை என்றே சொன்னார். அறிஞர்கள் சண்டை போட்டால் நம் தெருக்குழாயடி தோற்றுவிடும்.

ஃபிளெகல் கணக்கில் தப்பு செய்யவில்லை என்பதே என் எண்ணம். முந்தைய கணக்குகள் வயதைச் சரியாகக் கையாளவில்லை என்று அவர் காட்டியது நியாயமானது. எண்பது வயதில் கொஞ்சம் சதை இருப்பது ஒரு நிமோனியாவைத் தாங்கிக்கொள்ள உதவும். நாற்பது வயதில் அதே சதை வேறு கதை. அவர் காட்டிய இன்னொன்றும் முக்கியமானது: பிந்தைய தலைமுறைகளில் எடையால் வரும் ஆபத்து குறைந்துகொண்டே வந்தது. அதற்கு அப்புறம் வருகிறேன். ஆனால் அவர் பிடித்த தராசின் மறுதட்டில் யார் நின்றார்கள் என்ற கேள்விக்கு, நம் வீட்டுப் பாட்டிகளிடம் அவர் வந்திருந்தால் பதில் கிடைத்திருக்கும்.

விடுமுறைக்கு ஊருக்குப் போனால் பாட்டி கேட்கும் முதல் கேள்வி என்ன? “ஏன்டா இப்படி இளைச்சுட்ட? உடம்புக்கு ஏதும் முடியலையா?” பேரன் ஜிம்முக்குப் போய்க் காசு கொடுத்து இளைத்திருப்பான், அது வேறு. பாட்டியின் காலத்தில் காரணமில்லாமல் இளைத்தவர்கள் எல்லாரும் காசநோய்க்காரர்கள், சர்க்கரை முற்றியவர்கள், குடலில் கட்டி வந்தவர்கள். இளைப்பு என்ற சொல்லே தமிழில் மெலிவுக்கும் மூச்சு வாங்குவதற்கும் சேர்த்துத்தான் வழங்குகிறது. நோய் வந்தவர் மெலிகிறார், மெலிந்ததால் இறக்கவில்லை. ஆனால் இறப்பதற்கு ஒரு வருடம் முன்பு யாரோ வந்து எடை பார்த்திருந்தால், அவர் ஒல்லிகள் வரிசையில் நிற்பார். அவருடைய சாவு ஒல்லிகளின் கணக்கில் ஏறும். முப்பது வருடம் 95 கிலோவாக இருந்து, அதனாலேயே சர்க்கரையும் சிறுநீரகக் கோளாறும் வந்து, கடைசியில் 62 கிலோவில் எடை பார்க்கப்பட்டவரும் அதே வரிசையில்தான்.

சிகரெட் ஆய்வில் இப்படிச் செய்தால் சிரிப்பார்கள். நுரையீரல் புற்று வந்தபின் சிகரெட்டை விட்டவரை, புகைக்காதவர் என்று எழுதிக்கொள்வதைப் போன்றது அது. ஆண்ட்ரூ ஸ்டோக்ஸ், சாமுவேல் பிரஸ்டன் என்ற இரு மக்கள்தொகை ஆய்வாளர்கள் இதையே சொன்னார்கள்: இன்றைய எடையைக் கேட்காதீர்கள், வாழ்நாளில் அதிகபட்சம் எவ்வளவு இருந்தீர்கள் என்று கேளுங்கள். அப்படிக் கேட்டபோது, கொஞ்சம் எடை கூடுதல் காப்பாற்றுகிறது என்ற தோற்றம் கரைந்தது.

2016-இல் ‘லான்செட்’ இதழில் வந்த மாபெரும் கூட்டாய்வும் வேறு வழியில் அதே இடத்துக்குத்தான் போனது. 239 ஆய்வுகள், ஒரு கோடியே ஆறு லட்சம் பேர். அதிலிருந்து எப்போதாவது புகைத்தவர்கள், ஏற்கெனவே நாள்பட்ட நோய் உள்ளவர்கள், முதல் ஐந்து வருடத்துக்குள் இறந்தவர்கள் எல்லாரையும் நீக்கினார்கள். ஏறத்தாழ 40 லட்சம் பேர் எஞ்சினார்கள். அவர்களில் இறப்பு மிகக் குறைவாக இருந்தது பி.எம்.ஐ. 20-க்கும் 25-க்கும் இடையே. அதற்கு மேல் படிப்படியாக ஏற்றம். 30-ஐத் தாண்டியவர்களிடம் இறப்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. இவ்வளவு பேரைத் தூக்கியெறிந்துவிட்டுப் போடும் கணக்கு, புகைப்பவரும் நோயாளியும் நிறைந்த நிஜ நாட்டுக்குப் பொருந்துமா என்று எதிர்த்தரப்பு கேட்டது. அந்தக் கேள்வியிலும் நியாயம் இருக்கிறது. எடை என்ன செய்யும் என்று அறிய வடிகட்டிய கூட்டம் வேண்டும். நாட்டில் எத்தனை பேர் போகிறார்கள் என்று அறிய வடிகட்டாத கூட்டம் வேண்டும். இரண்டு கேள்விக்கும் ஒரே எண்ணைப் பதிலாகத் தர முயன்றதில்தான் முக்கால்வாசிச் சண்டை.

சரி, எடை உள்ளே என்னதான் செய்கிறது?

பழைய வீடுகளில் குதிர் இருக்கும். அறுவடையான நெல்லைக் கொட்டி வைக்கும் மண் குதிர். நெல் குதிருக்குள் இருக்கும்வரை வீட்டில் எவருக்கும் தொல்லையில்லை. நம் தோலுக்கு அடியில் தொடையிலும் இடுப்பிலும் இருக்கும் கொழுப்பு அப்படிப்பட்ட குதிர்தான். தின்றது மிஞ்சினால் அங்கே போய்ச் சேரும். பட்டினி கிடந்தால் வெளியே வரும். குதிர் நிறைந்துவிட்டால்? மேலும் மேலும் வரும் நெல்லைக் கூடத்தில் கொட்ட வேண்டும், அடுப்படியில் கொட்ட வேண்டும், சாமி அறையில் கொட்ட வேண்டும். உடம்பில் கூடமும் அடுப்படியும் எவை என்றால் ஈரல், கணையம், தசை, குடலைச் சுற்றிய இடம். ஈரலுக்குள் கொழுப்பு சேர்ந்தால் இன்சுலின் சொல்லை அது கேட்காது. தேவையில்லாத நேரத்தில் சர்க்கரையை ரத்தத்தில் இறக்கிக்கொண்டே இருக்கும். கணையம் இன்னும் அதிகமாக இன்சுலினைச் சுரந்து ஈடுகட்டப் பார்த்து, பல வருடம் கழித்துக் களைத்துப்போகும். அன்றைக்குத்தான் ஆய்வுக்கூடச் சீட்டில் சர்க்கரை எட்டிப் பார்க்கிறது.

கொழுப்பு சும்மா கிடக்கும் நெல்லும் அல்ல. அது சுரப்பி மாதிரி வேலை செய்யும் ஓர் உறுப்பு. 1994-இல் ஜெஃப்ரி ஃபிரீட்மனின் ஆய்வுக்கூடம் லெப்டின் சுரப்பைக் கண்டபின்தான் இது உறைத்தது. வீக்கத்தைத் தூண்டும் வேதிப்பொருள்களை அது அனுப்பிக்கொண்டே இருக்கிறது. மாதவிடாய் நின்ற பெண்ணின் உடலில் ஈஸ்ட்ரோஜன் உருவாகும் முக்கிய இடமே கொழுப்புத் திசுதான். கொழுப்பு அதிகமானால் ஈஸ்ட்ரோஜன் அதிகம், அதைத் தின்று வளரும் மார்பகப் புற்றுக்கும் கருப்பை உள்வரிச் சவ்வுப் புற்றுக்கும் கொண்டாட்டம். பதின்மூன்று வகைப் புற்றுகளுக்கும் அதிக எடைக்கும் தொடர்பு உண்டு என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2016-இல் உறுதிசெய்தது. பந்தலில் “கேன்சராம்” என்று சொல்லும்போது நம் மனம் எடைப் பக்கம் போவதே இல்லை.

ஆனாலும் எண்ணிக்கையில் முதலிடம் இதயத்துக்கும் ரத்தக்குழாய்க்கும்தான். உலகளவில் எடையின் கணக்கில் எழுதப்பட்ட அந்த 40 லட்சத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இந்த வகை. உடம்பு பெருத்தால் ரத்தத்தின் அளவும் கூடுகிறது, சிறுநீரகம் உப்பை வெளியேற்றத் தயங்குகிறது, பி.பி. ஏறுகிறது. 97 ஆய்வுகளில் 18 லட்சம் பேரைத் தொடர்ந்து பார்த்த ஒரு கூட்டாய்வு 2014-இல் இதைப் பிரித்துக் காட்டியது. அதிக எடையால் இதய நோய்க்கு வரும் கூடுதல் ஆபத்தில் ஏறத்தாழ பாதி, பக்கவாதத்துக்கு வருவதில் முக்கால் பங்கு, ரத்த அழுத்தம், கொழுப்பு, சர்க்கரை ஆகிய மூன்றின் வழியாகவே வருகிறது. நடுவில் பி.பி.தான் பெரிய தரகர்.

ஃபிளெகல் சொன்ன இன்னொரு விஷயத்துக்கு அப்புறம் வருகிறேன் என்றேனே, அது இதுதான். எழுபதுகளின் அமெரிக்கரைவிடப் பிந்தைய அமெரிக்கருக்கு எடையின் ஆபத்து குறைந்ததற்கு ஒரு விளக்கம் மாத்திரை டப்பாவில் இருக்கிறது. பி.பி. மாத்திரை, கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின், நெஞ்சுவலி வந்ததும் ஓடிப்போய் அடைப்பை எடுக்க ஒரு மருத்துவமனை. எடை குறையாமலே எடையின் பலி குறைகிறது. ஆள் உயிரோடு இருக்கிறார். மூட்டுவலி, தூக்கத்தில் மூச்சடைப்பு, தினம் ஏழு மாத்திரையோடு இருக்கிறார். சாவை மட்டும் எண்ணினால் அப்படி அவர் ஓட்டும் வருடங்கள் எந்தக் கணக்கிலும் வராது.

இப்போது நம் பக்கம்.

புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக்கும் லண்டன் மருத்துவர் ஜான் யுட்கினும் நண்பர்கள். (சர்க்கரைக்கு எதிராகப் புத்தகம் எழுதிய பழைய ஜான் யுட்கின் வேறு.) இருவரும் 2004-இல் ஒரு படத்தோடு ஒரு பக்கக் குறிப்பை ‘லான்செட்’டில் வெளியிட்டார்கள். படத்தில் இருவரும் சட்டை போட்டுக்கொண்டு பக்கத்துப் பக்கத்தில் நிற்கிறார்கள், இருவருமே ஒல்லியானவர்கள். இருவரின் பி.எம்.ஐ.யும் 22.3. உடம்பில் எத்தனை பங்கு கொழுப்பு என்று எக்ஸ்ரே முறையில் அளந்தால் யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாக்னிக்குக்கு 21.2. ஒரே உயர-எடைக் கணக்கு, இரண்டு மடங்குக்கு மேல் கொழுப்பு. பார்க்க ஒல்லி, உள்ளே கொழுப்பு என்ற இந்திய உடம்புக்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை. பிறக்கும்போதே நம் குழந்தைகள் சராசரியாக எடை குறைவாகவும், அந்தக் குறைவிலும் தசையை இழந்து கொழுப்பைக் காப்பாற்றிக்கொண்டும் பிறக்கிறார்கள் என்று புனேயைச் சுற்றிய கிராமங்களில் யாக்னிக் குழுவினர் கண்டார்கள். நம் குதிர் சின்னது. சீக்கிரம் நிறைந்து கூடத்துக்கு வழிந்துவிடுகிறது.

அதனால்தான் மேல்நாட்டில் 25-இல் போடும் கோட்டை இந்திய மருத்துவர்கள் 2009-இல் 23-க்கு இறக்கினார்கள். 170 சென்டிமீட்டர் உயரமுள்ள ஆணுக்கு 25 என்றால் 72 கிலோ. 23 என்றால் 66 கிலோ சொச்சம். அந்த ஆறு கிலோவுக்கு நடுவேதான் நம் அலுவலகங்களில் பாதிப்பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். இதைவிட இடுப்பு அளவே உண்மை சொல்லும். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 எல்லை. இதை எழுதும்போது தையல் இஞ்ச் டேப்பை எடுத்து, விலா எலும்பின் கீழ் விளிம்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே சுற்றிப் பார்த்தேன். 94. மூச்சை உள்ளிழுத்துக்கொண்டால் 91. மூச்சை இயல்பாக விட்டபின் அளக்க வேண்டும் என்பது விதியாம். என் பேண்ட் அளவோ 34 அங்குலம், அதாவது 86. தொப்பைக்குக் கீழே கட்டுவதால் கிடைக்கும் சலுகை.

2019-21-இல் நடந்த தேசிய குடும்ப நல ஆய்வில், 25 என்ற பழைய கோட்டையே வைத்துப் பார்த்தாலும் நாட்டில் பெண்களில் 24 விழுக்காட்டினருக்கும் ஆண்களில் 22.9 விழுக்காட்டினருக்கும் அதிக எடை. தமிழ்நாட்டில் பெண்கள் 40.4, ஆண்கள் 37. முந்தைய ஆய்வில் நம் பெண்களின் எண்ணிக்கை 30.9 ஆக இருந்தது. ஐந்தே வருடத்தில் நூற்றுக்குப் பத்துப் பேர் இந்தப் பக்கம் வந்துவிட்டார்கள். நாடு முழுவதும் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்று 2023-இல் வெளிவந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொல்கிறது. 1990-இல் இந்தியாவின் இறப்புகளில் தொற்றா நோய்களின் பங்கு 38 விழுக்காடு; 2016-இல் 62.

இதைப் படித்ததும் அமெரிக்கா போலவே பெருக்கிக் கழித்து, எடையால் இந்தியாவில் இத்தனை லட்சம் என்று சொல்லிவிடலாம் போலத் தோன்றும். அங்கேதான் சென்னை குறுக்கே நிற்கிறது.

1998 முதல் 2001 வரை சென்னையில் தெருத்தெருவாக, வீடு வீடாகப் போய் 35 வயதைக் கடந்த 5,00,810 பேரிடம் விவரம் கேட்டு, உயரம், எடை, ரத்த அழுத்தம் அளந்தார்கள். ஐந்து லட்சம் பேர்! சென்னையின் வெயிலில் எடை எந்திரத்தைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறியவர்களை நினைத்தாலே எனக்கு வியர்க்கிறது. வேந்தன் கஜலட்சுமி தலைமையிலான குழு, ஆக்ஸ்ஃபோர்டின் ரிச்சர்ட் பீட்டோ உள்ளிட்டோரோடு சேர்ந்து செய்த வேலை இது. பல வருடம் கழித்து அவர்களில் யார் யார் எதனால் இறந்தார்கள் என்று தேடி, 2018-இல் முடிவை வெளியிட்டார்கள்.

எடை கூடக் கூட பி.பி. கூடியது, எதிர்பார்த்ததுதான். பி.பி. கூடக் கூட இதய நோய்ச் சாவு கூடியது, அதுவும் எதிர்பார்த்ததே. அப்படியானால் எடை கூடினால் இதயச் சாவு கூட வேண்டும் அல்லவா? கூடவில்லை. இருந்த தொடர்பு மிகச் சொற்பம். மாறாக, மிக மெலிந்தவர்களே காசநோயிலும் நுரையீரல் நோய்களிலும் அதிகம் இறந்திருந்தார்கள். சங்கிலியின் இரண்டு கண்ணியும் உறுதியாக இருக்க, முழுச் சங்கிலி மட்டும் எங்கோ அறுந்துவிட்டது.

எடை பி.பி. வழியாக இதயத்தை ஒருபக்கம் தள்ளும்போது, மெலிவோடு ஒட்டிக்கொண்டிருக்கும் ஏதோ ஒன்று மறுபக்கம் இருந்து அதே அளவு தள்ளியிருக்க வேண்டும். அந்த ‘ஏதோ ஒன்று’ எது என்பதில் எனக்கு ஓர் ஊகம். 1998-இல் சென்னையில் 50 வயதான ஒல்லியான மனிதர் என்றால் பெரும்பாலும் யார்? கைவண்டி இழுத்தவர், சித்தாள், குழந்தைப் பருவத்தில் பஞ்சம் பார்த்தவர், பீடி பிடிப்பவர், நெஞ்சுவலி வந்தால் சோடா குடித்துவிட்டுப் படுத்தவர். கனத்த உடம்புக்காரர் யார்? கடை முதலாளி, வங்கி ஊழியர். நெஞ்சு வலித்தால் கார் எடுத்து ஓடக்கூடியவர். எடையை அளந்ததாக நினைத்தபோது அவர்கள் பாதி அளந்தது வசதியை. பணம் தந்த பாதுகாப்பும் சதை தந்த ஆபத்தும் ஒன்றையொன்று கழித்துக்கொண்டன.

இன்று அந்தக் கழித்தல் நடக்காது என்று நினைக்கிறேன். தொப்பை இப்போது முதலாளிக்கு மட்டும் சொந்தமில்லை. ரேஷன் அரிசியும் பாமாயிலும் பாக்கெட் நொறுக்கும் டாஸ்மாக்கும் சேர்ந்து, காவலாளிக்கும் வீட்டுவேலை செய்யும் பெண்ணுக்கும் ஆட்டோ ஓட்டுபவருக்கும் அதைக் கொடுத்துவிட்டன. சதை வந்துவிட்டது, கார் வரவில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற தமிழ்நாடு அரசின் திட்டம் வீட்டுக்கே வந்து பி.பி. பார்த்து மாத்திரை கொடுப்பதை இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். அது ஒருவரையும் ஒரு கிலோ இளைக்க வைக்காது. தரகரை வெட்டிவிடும் வேலை அது.

எடையையே குறைத்தால் சாவு குறையுமா என்பதற்கும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் 5,145 சர்க்கரை நோயாளிகளை உணவுக் கட்டுப்பாட்டாலும் உடற்பயிற்சியாலும் இளைக்க வைத்துப் பார்த்த பெரிய சோதனையில் மாரடைப்பு குறையவில்லை. 2012-இல் அதைப் பாதியில் நிறுத்தினார்கள். ஸ்வீடனில் இரைப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களிடம் இறப்பு கால்வாசி குறைந்தது. 2023-இல் வாராந்தர ஊசியான செமாகுளூடைடை 17,604 இதய நோயாளிகளிடம் சோதித்தபோது மாரடைப்பு, பக்கவாதம், இதயச் சாவு மூன்றும் சேர்த்து ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. ஆக, போதுமான அளவு குறைந்து, குறைந்தபடியே நின்றால் பலன் உண்டு போலிருக்கிறது. ஊசியின் விலையைக் கேட்டால் சிலருக்கு அதிலேயே பி.பி. ஏறும்.

இந்தியாவின் கணக்கை இன்னும் கடினமாக்கும் சங்கதி ஒன்று உண்டு. பதிவாகும் இறப்புகளில் மருத்துவர் காரணம் எழுதுவது ஐந்தில் ஒன்றுக்குச் சற்றே அதிகம். மற்றவர்களில் பலர் வீட்டில் இறக்கிறார்கள். நான்காம் படிவம் அவர்களுக்கு இல்லை. அவர்களுக்காக வாய்மொழிப் பிரேதப் பரிசோதனை என்ற முறை இருக்கிறது. மாதிரிக்குத் தேர்ந்தெடுத்த பகுதிகளில், சில மாதம் கழித்துக் கணக்கெடுப்பவர் ஒருவர் இறந்தவரின் வீட்டுக்கு வருவார். கத்தி கிடையாது, கேள்வித்தாள்தான். திண்ணையில் உட்கார்ந்து மனைவியிடமோ மகனிடமோ கேட்பார். காய்ச்சல் இருந்ததா? எத்தனை நாள்? நெஞ்சு வலித்ததா? மூச்சு வாங்கியதா? கால் வீங்கியதா? எழுதி முடித்ததை மருத்துவர்கள் படித்துப் பார்த்து, அதிலிருந்து நோயின் பெயரை ஊகிப்பார்கள்.

அந்தத் தாளில், கடைசிக் காலத்தில் எடை குறைந்ததா என்று ஒரு கேள்வி வரும்.

“ஆமாங்க. நல்லா வாட்டசாட்டமா இருந்த மனுஷன். கடைசி ஆறு மாசம் ரொம்ப இளைச்சுட்டார்” என்பார் அந்த அம்மா. கணக்கெடுப்பவர் ‘ஆம்’ என்ற கட்டத்தில் ஒரு டிக் போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போவார்.